பதினோரு நாள் தப்புக் கணக்கு

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த பதினோரு நாளும் என் ப்ராசஸர் இடையிடையே தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. திரை உறையவில்லை, புளூ ஸ்க்ரீன் வரவில்லை, கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழவும் இல்லை. ப்ராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக். முதல் முறையாக அதைச் செய்யப்போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஓய்வு நேரத்தில் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணக் காட்சிகள் செய்வது என் பழக்கம். மாடல் செய்வதும் வெளிச்சம் வைப்பதும் நம் கையில் இருக்கிறது. ரெண்டர் கொடுத்த பிறகு, அதாவது காட்சியைப் படமாக வரையச் சொன்ன பிறகு, காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு காட்சியை அளவுகோலாக வைத்திருந்தேன். அது முடிய 42 நிமிடம் ஆகும். என்னிடம் இருந்தது இன்டெல் கோர் ஐ5 8600கே, 2017 அக்டோபரில் வெளிவந்த ஆறு கோர் ப்ராசஸர். பெயரின் கடைசியில் வரும் ‘கே’ மல்டிப்ளையருக்குப் பூட்டு போடவில்லை என்பதற்கு அடையாளம். இரண்டு வருடமாக அந்த எழுத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோமே என்ற நினைப்புதான் என்னை பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், இறக்கியது.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ப்ராசஸரின் வேகம் என்பது அடிப்படைக் கடிகாரத்தை மல்டிப்ளையரால் பெருக்கி வருவது. இந்தச் சிப்பில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 36 மடங்கு, அதாவது 3.6 ஜிகாஹெர்ட்ஸ். சுமை வரும்போது சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்வதுதான் டர்போ. அதில் ஒரு கோர் மட்டும் உழைத்தால் 43 மடங்கு, ஆறும் சேர்ந்து உழைத்தால் 41 மடங்கு. இந்த 41ஐ நாமாக உயர்த்துவதுதான் ஓவர்கிளாக். எண்ணை மாற்ற ஒரு விசை போதும். அந்த எண்ணைச் சிப் தாங்கும்படி செய்வதில்தான் வாரக்கணக்கில் நேரம் போகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பையும் முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. 1998இல் வந்த செலரான் 300ஏ ப்ராசஸரை, பஸ் வேகத்தை, அதாவது அன்றைய அடிப்படைக் கடிகாரத்தை, 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 300ஐ 450 ஆக ஓட்டியவர்கள் ஏராளம். அப்படியே ஒன்றரை மடங்கு! அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். இன்றைய ப்ராசஸர்களில் டர்போ என்ற பெயரில் அந்த லாபத்தின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். எனக்கு மிச்சம் இருந்தது 41க்கு மேல் எவ்வளவு என்பது மட்டும்.

பயாஸைத் திறப்பதற்கு முன் ஒரு முழு நாளை வெப்பத்துக்காக ஒதுக்கினேன். இன்றைக்கும் அதை நல்ல முடிவாக நினைக்கிறேன். கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு போல அடைந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்தெடுத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மறுபடி உட்காரவைத்தேன். நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக முழுக்க முறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். சில கோர்கள் மட்டும் அதிகமாகச் சுடும்.

பிறகு எதையும் மாற்றாமல், பெட்டியில் வந்த நிலையிலேயே அளந்தேன். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருளில் எல்லா வெப்ப அளவும் வோல்டேஜும் தெரியும். ப்ராசஸரை முழு மூச்சில் கணக்குப் போடவைக்கும் பிரைம்95 என்ற மென்பொருளில் ‘ஸ்மால் எஃப்.எஃப்.டி.’ சோதனையை ஓட்டினேன். அறையில் 28 டிகிரி, ப்ராசஸரில் 68 டிகிரி, வோல்டேஜ் 1.12. இந்த மூன்று எண்களையும் ஒரு கோடு போட்ட நோட்டின் முதல் வரியில் எழுதினேன். பிற்பாடு எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

முதல் முயற்சி சப்பென்று முடிந்தது. மல்டிப்ளையரை 45க்கு மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. விண்டோஸ் எப்போதும் போல எழுந்தது. 47 வைத்தேன், எழுந்தது. 48 வைத்தேன், அதிலும் எழுந்தது. இவ்வளவு எளிதா என்ற சந்தோஷத்தில், அலுவலகத்தில் எனக்கு மூத்தவரும் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவருமான ஒருவரைப் போனில் கூப்பிட்டேன்.

“அண்ணே, 4.8 ஓடுது. ஒரு தொந்தரவும் இல்லை.”

“வோல்டேஜ் எவ்வளவு போகுதுன்னு பார்த்தியா தம்பி?”

“அதை ஆட்டோவுலயே விட்டிருக்கேன் அண்ணே.”

“முதல்ல அதைப் பாரு. பார்த்துட்டுக் கூப்பிடு.”

பார்த்தேன். 1.40 வோல்ட். பிரைம்95 தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டது. அதுதான் இந்தச் சிப்பின் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. 4.8 என்று பயாஸில் எழுதியிருந்தாலும் உள்ளே 4.5க்கும் 4.6க்கும் நடுவில்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்து, வெப்பம் உச்சத்தில். அவசரமாக நிறுத்தினேன்.

மதர்போர்டு ‘ஆட்டோ’வில் செய்வது இதுதான். நல்ல சிப்போ சுமாரான சிப்போ, எது வந்தாலும் எழுந்துவிட வேண்டும் என்று தாராளமாக வோல்டேஜை ஊற்றுகிறது. அது ஊற்றும் அளவு நம் சிப்புக்குத் தேவைதானா என்று அதற்குத் தெரியாது. அதனால் முதல் பாடம்: மல்டிப்ளையரைத் தொடும் அதே நிமிடத்தில் வோல்டேஜையும் நம் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது மல்டிப்ளையரைப் பார்த்து. அது தன்னளவில் எதையும் எரிக்காது. தாங்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் எழாது, அல்லது எழுந்து தப்புக் கணக்குப் போடும், சிப் போய்விடாது. சிப்பின் ஆயுளைத் தின்பது வோல்டேஜும் அதோடு சேர்ந்து வரும் வெப்பமும். ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. என் எண்களிலேயே பாருங்கள். 1.12இலிருந்து 1.40க்குப் போனால் வோல்டேஜ் 25 சதவீதம்தான் கூடியது. வர்க்கத்தில் அது 1.56 மடங்கு. வேகம் 4.1இலிருந்து 4.8 ஆனதற்கு இன்னொரு 1.17 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.83. ஏறத்தாழ இரண்டு பங்கு வெப்பத்தை அதே கூலர் தலையில் கட்டியிருக்கிறேன்! காற்றில் குளிரும் கூலரோடு 1.35க்கு மேல் போவதில்லை என்று அன்றைக்கே எனக்கு ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் முறையாக ஆரம்பித்தேன். வோல்டேஜைக் கையால் 1.25 என்று நிறுத்திவிட்டு மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஆசை யாரை விட்டது? 47 வரை ஒழுங்காக வந்தவன், அடுத்து நேராக 50க்குத் தாவினேன்.

திரையில் ஒன்றும் வரவில்லை. ஃபேன் இரண்டு வினாடி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு அமைதியாகிவிட்டது. பல போர்டுகள் இந்த நிலையில் தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும், என்னுடையது திரும்பவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம். ஆனால் இதற்கு வைத்தியம் இருக்கிறது. மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, போர்டில் ‘சிமாஸ் கிளியர்’ (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) என்று குறித்திருக்கும் இரண்டு ஊசிகளை ஒரு திருப்புளியின் முனையால் பத்து வினாடி சேர்த்துப் பிடித்தேன். அந்த ஊசிகள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தன. செல்போன் வெளிச்சத்தில் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். பல போர்டுகளில் சி.ஆர்.2032 என்ற வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்திருந்தாலும் இதே பலன் கிடைக்கும். மறுபடி பவர் கொடுத்தபோது, நாளும் நேரமும் அழிந்துபோய், பெட்டியில் வந்த அமைப்போடு எழுந்தது.

ஓவர்கிளாக் தொடங்குவதற்கு முன்பே அந்த இரண்டு ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் இருக்கும் ஒவ்வொரு அமைப்பையும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். ஏனென்றால் சிமாஸை அழிக்கும்போது ஃபேன் வேகம், பூட் வரிசை என்று எல்லாமே சேர்ந்து போய்விடும்.

இனி அந்தப் பதினோரு நாள்.

4.8 ஜிகாஹெர்ட்ஸில் 1.26 வோல்ட். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை அடுத்தடுத்து ஐந்து முறை ஓட்டினேன், ஐந்தும் முடிந்தது. ஒரு கேமை இரண்டு மணி நேரம் விளையாடினேன், தடங்கல் இல்லை. வெப்பம் 80ஐத் தாண்டவில்லை. போதும் என்று முடிவுகட்டினேன். அந்தத் திருப்தியில் அதே இரவு ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பையும் ஆன் செய்தேன். ஒரே நாளில் இரண்டு மாற்றம். நோட்டில் இதை எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பதினோராம் நாள், முடித்த வேலைகளை 7-ஜிப்பில் ஒரே கோப்பாகச் சுருக்கி பேக்கப் டிஸ்க்குக்கு மாற்றினேன். மாற்றியதும் ஒரு தடவை ‘டெஸ்ட்’ கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். சிவப்பு எழுத்தில் சி.ஆர்.சி. பிழை, அதாவது கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. ஒரு கோப்பு சேதம். மறுபடி சுருக்கினேன். இந்தத் தடவை வேறொரு கோப்பு சேதம். மூன்றாம் தடவை ஒன்றுமே இல்லை, எல்லாம் சரி.

பேக்கப் டிஸ்க்தான் போகிறது என்று நினைத்தேன். அதன் ஆரோக்கிய அறிக்கையைப் பார்த்தேன், குறையில்லை. கேபிளை மாற்றினேன். வேறொரு டிஸ்க்கில் எழுதிப் பார்த்தேன், அங்கும் ஒரு தடவை பிழை வந்தது. பிறகு ரேம் மேல் சந்தேகம். மெம்டெஸ்ட்86இல் இரவு முழுக்க நான்கு சுற்று ஓடியது. ஒரு பிழையும் இல்லை. ப்ராசஸர் பக்கம் என் புத்தியே போகவில்லை. ஏனென்றால் அது ‘ஸ்டெடி’ என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “பிரைம் எத்தனை மணி நேரம் ஓட்டின?”

ஓட்டவே இல்லை. ஆட்டோ வோல்டேஜில் 100 டிகிரியைப் பார்த்த பயத்தில் அதன் பக்கமே போகவில்லை. அன்றைக்கு ஓட்டினேன். ஆறு கோருக்கு ஆறு வேலையாகப் பிரித்து ஓடத் தொடங்கியது. முதல் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது ஃபேன் சத்தம் லேசாக இறங்கியிருந்தது போலத் தோன்றியது. வெப்பமும் 87இலிருந்து 83 ஆகியிருந்தது. நல்லதுதானே என்று உட்கார்ந்தேன். பிறகுதான் டாஸ்க் மேனேஜர் கண்ணில் பட்டது. ப்ராசஸர் பயன்பாடு 83 சதவீதம். நூறு இருக்க வேண்டிய இடம். ஆறில் ஐந்து என்றால் 83.

பிரைம்95இன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்காவதில் ஓட்டம் நின்றிருந்தது. கடைசி வரியில் ஆங்கிலத்தில்: ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழே. வன்பொருள் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற ஐந்தும் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸ் நன்றாகவே இருந்தது. மவுஸ் நகர்ந்தது. ஒரு கோர் மட்டும் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தது.

இந்த இடத்தில் சினிபெஞ்சுக்கும் பிரைம்95க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். சினிபெஞ்ச் ஒரு படத்தை வரைந்து, எவ்வளவு நேரத்தில் வரைந்தோம் என்று மதிப்பெண் போடும். நடுவில் ஒரு புள்ளியின் நிறம் தப்பாக வந்தாலும் அது கண்டுகொள்வதில்லை. பிரைம்95 பிறந்த கதையே வேறு. மெர்சென் பகா எண்களை (2இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் பகா எண்கள்) தேடுவதற்காக 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் மென்பொருள் அது. நாள் கணக்கில் ஓடும் ஒரு கணக்கின் நடுவே ஒரு இலக்கம் பிசகினால் மொத்த உழைப்பும் வீண் என்பதால், தன் கணக்கைத் தானே சரிபார்க்கும்படி எழுதியிருக்கிறார்கள். அதன் சோதனையில் ஏற்கனவே விடை தெரிந்த கணக்குகளைப் போடவைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. கேம் ஓடியது, வீடியோ ஓடியது, படம் முடிந்தது என்பவையெல்லாம் கம்ப்யூட்டர் விழவில்லை என்பதற்குத்தான் சாட்சி. விடை சரியா என்று கேட்பது விடை தெரிந்தவர்களால் மட்டுமே முடியும்.

விண்டோஸும் ஒரு சாட்சியை எழுதி வைத்திருந்தது. விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளில் தேடினால், டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில், எண் 19 போட்டு, பதினோரு நாளில் பதினேழு பதிவுகள். ‘ப்ராசஸர் கோரில் ஒரு பிழை நேர்ந்து திருத்தப்பட்டது’ என்று. அதாவது சிப் தானாகப் பிடித்துத் திருத்திக்கொண்டவை மட்டும் பதினேழு. பிடிக்காமல் விட்டவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று எந்தப் பதிவிலும் இருக்காது. அவற்றில் சில என் பேக்கப்புக்குள் போயிருந்தன.

அந்தப் பதினோரு நாளில் எழுதிய எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதாயிற்று. ப்ராசஸரைப் பழைய 4.1க்கு இறக்கிவிட்டு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். சுருக்கிய கோப்புகளை எல்லாம் மறுபடி சுருக்கினேன். ரெண்டர் செய்த 240 படங்களில் மூன்றில் கறுப்புக் கட்டங்கள் இருந்தன. அதுவரை கண்ணில் படவேயில்லை. இந்த வேலைக்கு நான்கு மாலை நேரம் போனது. ஒவ்வொரு ரெண்டருக்கும் ஆறு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் இழந்த நேரம் அது. ஓவர்கிளாக் செய்து முடித்து, சோதனையும் முடியும் வரை அந்தக் கம்ப்யூட்டரில் முக்கியமான எதையும் எழுதாதீர்கள், முன்பே எடுத்த பேக்கப்பை அதில் சொருகாதீர்கள். முடிந்தால் சோதனைக்கென்று தனி டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். பூட் ஆகும்போது விழுந்தால் கெட்டுப்போவது பெரும்பாலும் விண்டோஸின் கோப்புகள்தான்.

இரண்டாம் சுற்றை வேறு மாதிரி ஆரம்பித்தேன். எக்ஸ்.எம்.பி.யை அணைத்து ரேமை அதன் வழக்கமான 2133 வேகத்துக்கு இறக்கினேன். ப்ராசஸர் முடியும் வரை ரேம் பக்கம் போவதில்லை என்று முடிவு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண். மாற்றியதும் ஒரு மணி நேரம் பிரைம்95. தேறினால் நோட்டில் ஒரு வரி, அடுத்த படி.

இங்கேதான் இன்னொன்றைக் கற்றுக்கொண்டேன். பயாஸில் 1.30 என்று வைத்தால், சும்மா இருக்கும்போது 1.30 காட்டுகிறது. சுமை ஏறியதும் 1.23க்குச் சரிகிறது. கோர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது வோல்டேஜ் தொய்வது இயல்பு, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இந்தத் தொய்வைக் குறைக்க ‘லோட் லைன் காலிபரேஷன்’ என்று ஒரு அமைப்பு உண்டு. உச்ச அளவில் வைத்துவிட்டால் தொய்வே இருக்காதே என்று தோன்றும். வேண்டாம். சுமை திடீரென்று விலகும் அந்த நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் நம் மென்பொருளில் தெரியாத அளவுக்கு வேகமானது. நடுவில் ஒரு அளவை எடுத்துக்கொண்டு லேசான தொய்வை அனுமதிப்பதே நல்லது. ஒரு எச்சரிக்கை: சில போர்டுகளில் 1 என்பது மிக வலுவான அளவு, சிலவற்றில் அதுதான் மிக மெலிந்தது. அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே போடாமல், உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள். நோட்டில் நான் எழுதியதும் பயாஸில் வைத்த எண்ணை அல்ல, சுமையில் தெரிந்த எண்ணை.

என் சிப்புக்குக் கிடைத்த படிகள் இவை. 4.5க்கு 1.18 வோல்ட். 4.6க்கு 1.21. 4.7க்கு 1.25. 4.8க்கு 1.30. 4.9ஐ 1.35லும் பிரைம்95 ஏழு நிமிடத்தில் தள்ளிவிட்டது, அதற்குமேல் போகவில்லை. உங்கள் சிப் இதே பெயரில் இருந்தாலும் இந்த எண்கள் வராது. ஒரே தட்டில் வெட்டியெடுத்த சிலிக்கன்களிலேயே ஒன்று போல இன்னொன்று இருப்பதில்லை. ‘சிலிக்கன் லாட்டரி’ என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வரிசையின் போக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: 0.03, 0.04, 0.05 என்று ஒவ்வொரு படிக்கும் கேட்கும் வோல்டேஜ் கூடிக்கொண்டே போகிறது.

புளூ ஸ்க்ரீன்களும் வந்தன. ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ நான்கைந்து தடவை, ‘டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள்’ இரண்டு தடவை. இரண்டுமே பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை என்ற முறையீடுதான். 0.01 ஏற்றினால் போய்விடும். அந்தப் பதினோரு நாளைப் பார்த்த பிறகு புளூ ஸ்க்ரீன் மீது எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. அது தப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

4.8, 1.30 என்று நிலைப்படுத்தி, பிரைம்95இன் வெப்பத்தைக் குறைப்பதற்காக ஏ.வி.எக்ஸ். ஆஃப்செட் 2 என்று வைத்தேன். ஏ.வி.எக்ஸ். என்பது ஒரே ஆணையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு வழி. வேலை வேகமாக நடக்கும், வெப்பமும் அதற்கேற்ப எகிறும். அந்த மாதிரி ஆணைகள் வரும்போது மட்டும் மல்டிப்ளையரை இரண்டு குறைத்துக்கொள் என்பதுதான் ஆஃப்செட். எல்லாம் கூடிவந்தது என்று நினைத்து என் அளவுகோல் காட்சியை ரெண்டர் கொடுத்தேன். 37 நிமிடம் 25 வினாடி. 4.8க்கு 36க்குள் வந்திருக்க வேண்டுமே என்று எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்து பார்த்தால், ஆறு கோரும் 4.6இல் ஓடுகின்றன. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரே ஏ.வி.எக்ஸ். பயன்படுத்துகிறது! எந்த வேலைக்காக இத்தனையும் செய்தேனோ, அந்த வேலையில் மட்டும் என் 4.8 இல்லை.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆஃப்செட் இல்லாமல் 4.8 ஓட்டினால் 42 நிமிடம் ஏறத்தாழ 36 ஆகும். பெட்டி நிலையோடு ஒப்பிட்டால் வெப்பம் 58 சதவீதம் கூடும், பிரைம்95இல் 91 டிகிரி. ஆஃப்செட் இல்லாமல் 4.7 ஓட்டினால் 36 நிமிடம் 40 வினாடி, வெப்பம் 43 சதவீதம்தான் கூடும், 85 டிகிரி. கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் எனக்குத் தருவது முக்கால் நிமிடம். கேட்பது பத்து சதவீதம் அதிக வெப்பம். 4.7இல் நிறுத்தினேன். உங்கள் வேலை கேம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். பல கேம்களில் முட்டுக்கட்டை ப்ராசஸரில் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும். அங்கே 4.1க்கும் 4.7க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எதற்காகச் செய்கிறீர்களோ அந்த வேலையை ஓட்டி அளந்த பிறகே எங்கே நிறுத்துவது என்று முடிவெடுங்கள்.

கடைசியாக வோல்டேஜை நிலையான எண்ணிலிருந்து ‘அடாப்டிவ்’ முறைக்கு மாற்றினேன். சும்மா இருக்கும்போது வேகமும் வோல்டேஜும் தானாக இறங்கிக்கொள்ளும். மாற்றிய பிறகும் ஒரு முழு சோதனை தேவை. சுமையில் ஒழுங்காக ஓடும் சிப், சுமையிலிருந்து இறங்கும்போது தடுமாறுவது உண்டு. பிரைம்95 எட்டு மணி நேரம், பிறகு 20 ஜி.பி. கோப்புகளை 7-ஜிப்பில் சுருக்கி மறுபடி மறுபடி டெஸ்ட், பிறகு ஒரு வாரம் ஈவென்ட் வியூவர். அதன் பிறகே எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்து, மெம்டெஸ்ட்86 தொடங்கி எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை ஓட்டினேன்.

புது ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டியதில்லை. இப்போது வருபவை பெட்டியிலிருந்தே தங்கள் எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. ஏ.எம்.டி.யின் ரைசன் ப்ராசஸர் வைத்திருந்தால் ‘பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்’ என்ற அமைப்போடு, வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது கையால் மல்டிப்ளையர் ஏற்றுவதைவிட நல்ல பலன் தருகிறது. ஆனால் வோல்டேஜைக் குறைக்கும்போதும் வரும் ஆபத்து இதே சத்தமில்லாத தப்புக் கணக்குதான். சோதனை அதற்கும் உண்டு.

வெயில் ஏறிய பிறகு ஒரு நாள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அறை 33 டிகிரி, ப்ராசஸர் 90. அறையில் ஐந்து கூடினால் சிப்பிலும் ஐந்து கூடுகிறது. இரவு போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திரையைத் தொட்டதும் முதலில் பார்த்தது டாஸ்க் மேனேஜரை. நூறு சதவீதம். ஆறு ஜன்னலிலும் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. தேதியும் அந்த 90உம் நோட்டில் ஏறின. ஈவென்ட் வியூவரில் 19ஆம் எண் பதிவு ஒன்றும் இல்லை.